வடிவு கறுத்த கதை

நர்ஸ் சித்ரா "வடிவாம்பிகை" என்று இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான், கூப்பிடுவது தன்னைத்தான் என்று தையல்நாயகிக்கு உறைத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர், "பேரு கேட்டப்ப வடிவுன்னு சொன்னியேம்மா, போ" என்று வேறு எடுத்துக்கொடுத்தார். தையல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். முகத்தில் அப்பியிருந்த பவுடர் வியர்வையில் கரைந்து கழுத்தோரம் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

விழுப்புரம் பாண்டி ரோட்டில் இருந்த அந்த ரத்தநோய் ஆஸ்பத்திரி அவளுக்குப் புதிது இல்லை. ஆறு வருஷமாக அக்காவுக்குத் துணையாக வந்து போகிறவள்தான். இன்றைக்கு அக்காவாகவே வந்திருந்தாள்.

அக்கா என்பதே அந்த வீட்டில் சண்டைக்குரிய விஷயம். வடிவும் தையலும் இரட்டைப் பிள்ளைகள். வடிவு ஐந்து நிமிஷம் முன்னால் பிறந்தவள். "முன்னாடி வந்தவ காவக்காரி, பின்னாடி வர்றவதான் மகாராணி" என்பது தையலின் கட்சி. ஒரே முகம், ஒரே குரல், இடது புருவத்துக்கு மேல் ஒரே மாதிரி மச்சம். பெருமுக்கல் பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்தால் வடிவு கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். தையல் தன் ஊசியைப் போட்டுக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்று, வடிவின் பெயரைச் சொல்லி இன்னொன்றும் போட்டுக்கொள்வாள். இரண்டு கையும் வீங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அம்மா திட்ட மாட்டாள். "ரெட்டைக்கு ஒடம்பு ரெண்டு, ரத்தம் ஒண்ணு. யாருக்குப் போட்டா இன்னா" என்பாள். காய்ச்சல் ஒருத்திக்கு வந்தாலும் மாத்திரையை இருவருக்கும் கொடுப்பாள். திருவக்கரை அம்மனுக்கு ஒருத்தி எடுத்த பால்குடம் இருவருக்கும் கணக்கு.

சித்ரா ரப்பர் பட்டையைக் கையில் கட்டினாள். ஊசி இறங்கியது. தையல் சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா வடிவு, இன்னைக்கு சத்தமே காணோம்?"

தையலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வடிவுக்கு ஊசி என்றால் அந்தத் தெருவுக்கே தெரியும். "ஆ... அம்மா" என்று அவசரமாக முனகினாள். அதற்குள் ஊசி வெளியே வந்து பஞ்சும் வைத்தாகிவிட்டது.

"லேட்டா வலிக்குதா?" என்று சித்ரா சிரித்தாள். ரத்தம் பிடித்த சோதனைக் குழாயில் வடிவாம்பிகை என்ற சீட்டு ஒட்டப்பட்டது. அது அன்று மாலையே சென்னைக்குப் போய்விடும்.

வெளியே வந்து பஸ் ஏறும்வரை தையல் திரும்பிப் பார்க்கவில்லை.

வடிவுக்கு வியாதி வந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். சோற்றைக் கண்டால் இரண்டு கவளத்தில் வயிறு நிறைந்தது. இடது விலாவுக்குக் கீழே கல் போல ஒரு வீக்கம். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஆயிரங்களில் இருக்க வேண்டிய வெள்ளை அணு லட்சக்கணக்கில். நாட்பட்ட ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி அனுப்பியதும் குடும்பமே டாக்டர் வெனிலாவின் அறையில் போய் நின்றது.

வெனிலா திண்டிவனத்துக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரக் குடும்பம். "ஐஸ்கிரீம் டாக்டரு" என்று வடிவு முதல் நாளே பெயர் வைத்துவிட்டாள், அந்தப் பயத்திலும். தையலுக்கு அன்றைக்கு டாக்டர் பேசிய பேச்சு மறக்கவில்லை. பயமுறுத்தவும் இல்லை, பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் மழுப்பவும் இல்லை. வடிவின் கணவன் கோகுலகிருஷ்ணன் விழுப்புரம் ஜங்ஷனில் பெட்டிகளைக் கழற்றி மாட்டும் வேலை பார்ப்பவன் என்று தெரிந்ததும், ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ரயில் வரைய ஆரம்பித்துவிட்டார்.

"ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் இருபத்திமூணு ஜோடி வண்டி நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. குரோமோசோம்னு பேரு. ஒரு ஜோடியில ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. எந்தப் பெட்டி எங்க இருக்கணும்னு இருக்குது. அணு ரெண்டா பிரியும்போது எல்லா வண்டியையும் நகல் எடுத்துப் பிரிச்சுக் குடுக்கணும். ஷண்டிங் மாதிரி. வடிவோட எலும்பு மஜ்ஜையில எப்பவோ, ஒரே ஒரு அணுவுல, ஒன்பதாம் நம்பர் வண்டியோட கடைசித் துண்டு கழண்டு இருபத்திரெண்டுல மாட்டிக்கிச்சு. இருபத்திரெண்டோட வால் ஒன்பதுல போய் ஒட்டிக்கிச்சு."

"யாரு பாயின்ட்ஸ்மேன்?" என்றான் கோகுல். வண்டியைத் தடம் மாற்றிவிட்ட ஆள் யார் என்று கேட்கும் தொழில் புத்தி அவனுக்கு.

"யாரும் இல்ல. விபத்து. ஆனா ரெண்டு துண்டும் ஒட்டின இடத்துல புதுசா ஒரு எஞ்சின் ஆயிடுச்சு. அதுக்கு பிரேக் கிடையாது. 'பெருகு, பெருகு'ன்னு ராவும் பகலும் ஊதிக்கினே இருக்கும். அந்த ஒரு அணு லட்சமாகி கோடியாகி இப்ப ரத்தம் பூரா அதுதான். அந்த மாறின வண்டிக்கு பிலடெல்பியா குரோமோசோம்னு பேரு. அமெரிக்காவுல அந்த ஊர்ல மொதல்ல பார்த்தாங்க."

"நம்ம ஸ்டேஷன்ல பார்த்திருந்தா விழுப்புரம் குரோமோசோம்னு வெச்சிருப்பாங்களா மேடம்?"

அழுதுகொண்டிருந்த வடிவு அந்த இடத்தில் சிரித்துவிட்டாள். டாக்டரும் சிரித்துவிட்டு மாத்திரையைப் பற்றிச் சொன்னார். அந்தப் புது எஞ்சினின் சக்கரத்தடியில் மட்டும் கச்சிதமாகப் போய் உட்காரும் கட்டை அது. மற்ற வண்டிகளை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. "நான் படிச்சிக்கினு இருந்தப்பதான் இந்த மாத்திரை வந்துது. அதுக்கு முந்தி இந்த வியாதிக்காரங்களுக்கு நாலஞ்சு வருஷம்னாலே பெரிசு. இப்ப மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டா கிழவியாகிதான் சாவே."

"எங்க யார்டுலயும் வண்டி உருளாம இருக்க இரும்புக் கட்டை வைப்போம் மேடம்" என்றான் கோகுல். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கட்டையை எடுத்தா?" என்று கேட்டான்.

"உருளும்" என்றார் டாக்டர்.

அம்மாவுக்கு வேறு கவலை. தையலைத் தள்ளி முன்னால் நிறுத்தினாள். "இவளுக்கும் குடுத்துடுங்கம்மா மாத்திரை. ரெட்டை. ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்."

டாக்டர் சிரிக்கவில்லை. அம்மாவின் மனசு ஆறட்டும் என்று தையலுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். அதில் ஒன்றுமே இல்லை. "பொறக்கும்போது ரெண்டு பேருக்கும் ஒரே வண்டிங்கதான் இருந்துது. இது அதுக்கப்புறம் இவகிட்ட மட்டும் நடந்த விபத்து. பரம்பரையா வந்தது இல்ல. நாளைக்கு இவ புள்ள பெத்தாலும் அதுக்குப் போவாது" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை வடிவு பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை பெறுவதில் ஒரு முடிச்சு இருந்தது. கருவுக்கு அந்த மாத்திரை ஆகாது. மாத்திரை சாப்பிடும்வரை பிள்ளை பேச்சே எடுக்கக் கூடாது. ரத்தத்தில் அந்தக் கோளாறு எத்தனை பங்கு மிச்சம் இருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பார்கள். டாக்டர் ஒரு கோடு கிழித்துக் காட்டினார். அந்தக் கோட்டுக்குக் கீழேயே இரண்டு வருஷம் அசையாமல் நின்றால் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம். நிறுத்தியும் எண் ஏறாமல் இருந்தால், பிறகு பிள்ளை.

வடிவின் எண் மளமளவென்று இறங்கியது. விலா வீக்கம் கரைந்தது. காந்தி சிலைப் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் வேலைக்கும் போனாள். மாத்திரை அவளுக்கு இன்னொன்றும் செய்தது. கண் ரப்பை காலையில் வீங்கியிருக்கும், அது ஒரு பக்கம். தோல் வருஷத்துக்கு வருஷம் வெளுத்துக்கொண்டே வந்தது. இந்த மாத்திரையில் சிலருக்கு அப்படி ஆகுமாம். சேலை எடுக்க வந்தவர்கள் சேலையை விட்டுவிட்டு, "இன்னா க்ரீம் போடுறே?" என்று கேட்டார்கள். "செலவு அதிகம்க்கா, உங்களுக்கு வேணாம்" என்பாள். வயலில் வெயிலில் நிற்கும் தையல் பக்கத்தில் வந்தால், "தங்கச்சியா? ஜாடை இருக்குது" என்பார்கள். ஜாடை. ஒரே அச்சில் வார்த்த முகங்களுக்கு.

கோட்டுக்குக் கீழே போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அப்புறம் ஒரு தடவை எண் லேசாகத் தலைதூக்கிக் கோட்டுக்கு மேலே எட்டிப் பார்த்தது. "இன்னொரு வாட்டி பார்ப்போம். மறுபடியும் மேல இருந்தா முதல்லேர்ந்து எண்ணணும்" என்றார் டாக்டர்.

அந்த இன்னொரு வாட்டிக்குத்தான் தையல் போய்க் கையை நீட்டிவிட்டு வந்தாள்.

"முப்பத்திநாலு ஆவுதுடி எனக்கு" என்று வடிவு அவளிடம் சொன்னபோது அழவில்லை. வடிவு அழுதிருந்தால் தையல் தப்பித்திருப்பாள், திட்டி அனுப்பியிருப்பாள். "முதல்லேர்ந்து எண்ணி, நிறுத்தி, பார்த்து... அதுக்குள்ள எனக்கு இன்னா வயசாவும்? உனக்கு ரெண்டு இருக்குது. நான் கேட்டேனா, ஒண்ணு குடுன்னு? ஒரு ஊசி. எத்தனை போட்டுக்கினே எனக்காக. இது ஒண்ணு." கோகுலுக்கு அன்று பகல் டூட்டி. பவுடரை வடிவே பூசிவிட்டாள்.

ரிப்போர்ட் வந்த அன்று மாலை வடிவு ஜாங்கிரிப் பெட்டியோடு பெருமுக்கல் வந்து இறங்கினாள். தையல் களத்தில் உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட வேர்க்கடலைச் செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கணவன் செல்வகுமார் தூரத்தில் மூட்டை பிடித்துக்கொண்டிருந்தான்.

"சைபர்டி" என்று வடிவு போனை நீட்டினாள். "கண்டறியப்படவில்லைன்னு போட்டிருக்குது. டாக்டரு வெள்ளிக்கெழமை வரச் சொல்லியிருக்காங்க."

"அது என்னுது."

"நம்முது." வடிவு அருகில் உட்கார்ந்து தானும் நாலு செடியை எடுத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ ரத்தம் குடுத்த அன்னிக்கே மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றாள்.

தையலின் கை நின்றுவிட்டது. "டாக்டரு சொல்லவே இல்லியே."

"சொல்லத்தான் போறாங்க. நாலு நாள் முன்னாடி நிறுத்துனா இன்னா கொறஞ்சு போச்சு? எனக்கு வாந்தி நின்னுது, கால் குத்தல் நின்னுது. ஆறு வருஷத்துல இப்பதான் மனுஷி மாதிரி இருக்கேன். பேஜாரு பண்ணாதே."

"அந்த ரத்தத்துல வியாதி இல்லாதது எனக்குடி. உனக்கு எவ்ளோ இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் என் ஒடம்பு."

"ஆறு வருஷத்துக்கு முந்தியும் உன் ஒடம்புதான். லட்சக்கணக்குல ஏறுற வரைக்கும் தெரிஞ்சுதா?"

வடிவு செடியை வீசிவிட்டு எழுந்தாள். "நீ போய் எதனா சொன்னேன்னு வெச்சுக்க, இந்த ஜென்மத்துக்கு உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்." ஜாங்கிரிப் பெட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தையல் அன்று சோறு வைத்தாள், பிள்ளைகளுக்குப் போட்டாள், தான் சாப்பிட்டாளா என்று அவளுக்கே நினைவில்லை. காதில் ஒரே ஒரு வார்த்தைதான் நின்றது. உருளும். இந்த எஞ்சினுக்குச் சத்தம்கூடக் கிடையாது. விழுப்புரத்தில் சேலை மடித்துக்கொண்டு நிற்கும் ஒருத்தியின் எலும்புக்குள்ளே அது கட்டை இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. உருவியது யார்? வடிவு பாதி. நீட்டிய கை பாதி.

மறுநாள் காலை திண்டிவனம் போய் விழுப்புரம் பஸ் பிடித்தாள். கூட்டேரிப்பட்டு வரைக்கும் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். விக்கிரவாண்டியில் எல்லாம் மறந்துவிட்டது. இந்தத் தடவை முகத்தில் பவுடர் இல்லை.

டாக்டர் வெனிலா நிமிர்ந்து பார்த்தார். "வா தையல். வெள்ளிக்கெழமை வருவேன்னு நெனச்சேன். முன்னாடியே வந்துட்டே."

தையல் வாசலிலேயே நின்றுவிட்டாள். "தெரியுமா மேடம்?"

"உக்காரு."

அவர் கோபப்படப் போகிறார் என்று தையல் காத்திருந்தாள். டாக்டரோ ஒரு நல்ல விடுகதையை விடுவித்தவர்போல நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"எண்ணு சைபர்னு வந்ததும் நான் சந்தோஷப்பட்டேன். உண்மையாதான். அப்புறம் அதே ரத்தத்துல எடுத்த மத்த கணக்கைப் பார்த்தேன். இந்த மாத்திரை சாப்பிடுறவங்க நெறைய பேருக்கு சிவப்பணு கொஞ்சம் உப்பலா ஆயிடும். வடிவுக்கு ஆறு வருஷமா உப்பல்தான். இந்த வாட்டி சாதாரண அளவு. சரி, மாத்திரையை விட்டுட்டா போலன்னு நெனச்சேன். விட்டிருந்தா வியாதி எண்ணு ஏறணும். ஏறல, சைபர். விடலைன்னா அணு உப்பலா இருக்கணும். உப்பலும் இல்ல. ரெண்டும் ஒண்ணா ஒரு ஆளுகிட்ட எப்படி இருக்கும்?"

தையல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப ஆளு வேற. யாரு? சித்ராவைக் கேட்டேன். 'வடிவு அன்னிக்குக் கத்தவே இல்ல மேடம், கழுத்துல பவுடரு வேற வழிஞ்சுது, எனக்கே ஒரு மாதிரி இருந்துது'ன்னுது. பவுடரு பூசத் தெரிஞ்சவங்களுக்குக் கத்தணும்னு தோணலியே."

அழுகையோடு தையலுக்குச் சிரிப்பும் வந்து தொலைத்தது.

"இதுல ஒரு அதிசயம் சொல்லட்டா?" என்றார் டாக்டர். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உங்க ரெண்டு பேரு ரத்தத்தையும் போலீஸ் சோதிச்சாலும் ஒரே ஆள்னுதான் சாதாரணமா சொல்லும். குரூப்பு ஒண்ணு, ஜீன் ஒண்ணு, எல்லாம் ஒண்ணு. ஆளு யாருன்னு பார்க்குற எந்த டெஸ்டுக்கு நீ அவளுக்குப் பதிலா போயிருந்தாலும் தப்பிச்சிருப்பே. உங்க ரெண்டு பேரையும் பிரிச்சுக் காட்டுறதுக்குன்னே இருக்குற ஒரே டெஸ்டு, ஒன்பதும் இருபத்திரெண்டும் மாறின அந்த ஒரு இடத்தைத் தேடுற டெஸ்டு. நீ போய்க் கை நீட்டினது அதுக்குத்தான்."

தையல் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். அம்மா சொன்னது கிட்டத்தட்ட முழுக்கச் சரி. மிச்சம் இருந்தது கண்ணுக்கே தெரியாத ஒரு மூட்டு. அதை ஒருத்தர் உற்றுப் பார்த்துக் கண்டுபிடித்து, அதன் அளவுக்கு ஒரு கட்டை செதுக்கி, ஒரு மாத்திரைக்குள் வைத்து, தன் அக்காவின் வாய்க்குள் அனுப்பியிருக்கிறார்கள். இதோ இந்த அம்மாள், தான் திருடிக் கொண்டுவந்த சைபரைப் பார்த்து ஏமாறாமல், சிவப்பணு பருமனிலிருந்து தன்னைப் பிடித்திருக்கிறார். அந்த நிமிஷம் தையலுக்கு வெட்கத்தைவிட வியப்புதான் பெரிதாக இருந்தது.

"மேடம், அவ மாத்திரையை நிறுத்திட்டா. உண்மையாவே நிறுத்திட்டா. அதச் சொல்லத்தான் வந்தேன்."

டாக்டரின் முகத்திலிருந்து விடுகதைக் களை போய்விட்டது. "எப்பேர்ந்து?"

"ரத்தம் குடுத்த அன்னிலேர்ந்து."

"இது எனக்குத் தெரியாது" என்றார். உடனே போனை எடுத்தார். "நல்லவேளை வந்தே. அந்த சைபரை நான் நம்பியிருந்தா, மீதிக் கட்டையை நானே உருவியிருப்பேன்."

ஒரு மணி நேரத்தில் கோகுல் வடிவைக் கூட்டிக்கொண்டு வந்தான், டூட்டிச் சட்டையோடு. வடிவு அறைக்குள் நுழைந்ததும் தங்கையைப் பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பதில் அவள் கையில் இருந்ததை எடுத்து அடித்திருக்கலாம் என்று தையலுக்கு இருந்தது.

விஷயம் தெரிந்த கோகுல் மனைவியைப் பார்த்தான், மச்சினியைப் பார்த்தான். "ஆயிரம் பெட்டி மாத்தி மாட்டியிருக்கேன். என் வூட்லயே மாத்தி மாட்டியிருக்கீங்க, எனக்குத் தெரியல."

டாக்டர் வடிவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "புள்ள வேணும்னு ஆசைப்பட்டது தப்பு இல்ல. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. போன வாட்டி எண்ணு ஏன் ஏறுச்சு? மாத்திரையை விட்டியா?"

வடிவு நகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். ஆடித் தள்ளுபடி. கடையில் காலை முதல் இரவு வரை நின்றபடி வேலை. மாத்திரை போட்டால் வாந்தி வருகிறது. கஸ்டமர் முன்னால் சேலையைப் போட்டுவிட்டு ஓட முடியுமா? அதனால் கூட்டம் இருக்கும் நாளில் போடுவதில்லை. ஆடி முழுக்கக் கூட்டம்.

"எப்பப் போடுவே?"

"காலையில. வெறும் வயித்துல. சீக்கிரம் வேலை செய்யும்னு."

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "சோத்துக்கு நடுவுலன்னு சொல்லியிருக்கேனே வடிவு. பாதி சோறு சாப்பிடு, மாத்திரையைப் போடு, பெரிய டம்ளர் நெறைய தண்ணி குடி, மீதி சோத்தைச் சாப்பிடு. ராத்திரிச் சாப்பாட்டுல வெச்சுக்க. வாந்தி பாதி கொறஞ்சிடும். மீதிக்கு நான் மருந்து தர்றேன். இதை அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா பவுடர் செலவு மிச்சம்."

அப்புறம் சித்ரா ரப்பர் பட்டையோடு வந்தாள். வடிவு போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "இதுதான் எங்க வடிவு" என்றாள் சித்ரா.

ரிப்போர்ட்டில் எண் கோட்டைத் தாண்டி நன்றாகவே ஏறியிருந்தது. இன்னும் நாலு மாதம் தெரியாமல் போயிருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. கோகுல் கேட்கவும் இல்லை. மாத்திரை அன்றைக்கே மறுபடி ஆரம்பமானது. எண்ணுவதும் முதலிலிருந்து.

வடிவு சொன்ன சொல் தவறவில்லை. தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கு வரவில்லை. தையல் போன் செய்தால் கோகுல்தான் எடுத்தான். "பக்கத்துலதான் இருக்கா. மாத்திரை போட்டுட்டா. சோத்துக்கு நடுவுல" என்று தகவல் மட்டும் சொல்வான். அது போதும் என்று தையல் வைத்துவிடுவாள். போதவில்லை. களத்து மேட்டில் ஆய்ந்துகொண்டே பேச ஆள் இல்லாமல் மல்லாட்டை சீக்கிரம் தீர்ந்தது.

மாசி மாதத்தில் ஒரு நாள் வடிவு வந்து நின்றாள். கண் ரப்பை வீங்கி, வெளுப்பாக, பழையபடி. கையில் ஒரு பொட்டலம்.

"எண்ணு எறங்கிடுச்சு" என்றாள்.

"தெரியும். மாமா சொன்னாரு."

"கோட்டுக்குக் கிட்ட வந்துடுச்சு."

"ம்."

வடிவு பொட்டலத்தை நீட்டினாள். பிரித்தால் உள்ளே பவுடர் டப்பா, விலை கூடியது. "அன்னிக்கு நீ பூசுனது கலர் பத்தலியாம். டாக்டரம்மா சொல்லிச் சிரிக்கிறாங்க. இனிமே யாரையாவது ஏமாத்தப் போனா ஒழுங்காப் பூசிக்கினு போ."

தையல் டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த சாக்கைத் தட்டிப் போட்டாள். வடிவு உட்கார்ந்து செடியை எடுத்தாள்.

"மல்லாட்ட சின்னதா இருக்குதே இந்த வருஷம்."

"மழை இல்ல."

அவ்வளவுதான் சமாதானம்.

இந்தத் தடவை எண் கோட்டுக்குக் கீழே போய் அங்கேயே படுத்துவிட்டது. எந்த ஆடியும் அதை எழுப்பவில்லை. ஜவுளிக் கடைக்கு வடிவு சோற்றுப் பாத்திரத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்த ராத்திரிகூட, முதலாளியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு ஓட்டலில் போய் உட்கார்ந்து பாதிச் சாப்பாட்டில் மாத்திரையைப் போட்டாள். இரண்டு வருஷமும் தாண்டியது. டாக்டர் வெனிலா ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார், கடைசி ரிப்போர்ட்டை இரண்டு தரம் பார்த்தார்.

"கண்டறியப்படவில்லைன்னு போட்டிருக்கு. இது நீதானே?"

"சித்ராக்காவ கேளுங்க. பாண்டி ரோடு முழுக்கக் கேட்டிருக்கும்."

"சிவப்பணுவும் உப்பலாதான் இருக்கு" என்று டாக்டர் சிரித்தார். "நிறுத்திப் பார்ப்போம். மாசா மாசம் ரத்தம் குடுக்கணும். நிறுத்தினவங்கள்ல பாதிப் பேருக்கு மறுபடி ஏறும், அதுவும் மொத ஆறு மாசத்துலதான். ஏறினா மாத்திரையை ஆரம்பிப்போம், அநேகமா எறங்கிடும். பயப்படாதே. பொய் மட்டும் சொல்லாதே."

முதல் மாதம் சைபர். இரண்டாம் மாதம் சைபர். ஒவ்வொரு முறையும் தையல் கூடப் போய் அக்காவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாம் மாதம் கடந்து ஆறும் ஆனது. ஏறவில்லை. அடுத்ததைப் பற்றி இனிமேல் பேசலாம் என்று டாக்டர் சொன்ன அன்று கோகுல் ஜங்ஷனில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான், எதற்கு என்று சொல்லாமல்.

இதற்கிடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. முதலில் கவனித்தது கடைக்கு வந்த கஸ்டமர்கள்.

"இன்னா வடிவு, கறுத்துட்டியே? க்ரீமை விட்டுட்டியா?"

"ஆமாங்க்கா, விட்டுட்டேன்" என்பாள் வடிவு. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வாள். முழங்கையில் கறுப்பு ஏறியிருக்கிறதா, கழுத்தில் ஏறியிருக்கிறதா. கண் ரப்பை வீக்கம் வடிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தையலுக்கு வீடியோ காலில் கன்னத்தைக் காட்டினாள். "பாருடி. கறுத்துட்டேன் பாரு." பத்துப் பவுன் நகையைக் காட்டுவதுபோல.

சித்திரையில் ஒரு நாள் இருவரும் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்குப் போகத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். தையல் பூ வாங்கக் கொஞ்சம் பின்தங்கினாள். வாங்கிக்கொண்டு திரும்பினால், பெருமுக்கல் பஸ் பக்கத்தில் வடிவை யாரோ தோளில் தட்டிக்கொண்டிருந்தார்கள். தையலின் பக்கத்து வயல்காரி ரோஜா.

"ஏ தையலு, மல்லாட்டையைப் போட்டுட்டியா மார்க்கெட்டு கமிட்டியில? இன்னா வெலைக்குப் போச்சு?"

வடிவு திரும்பினாள். ரோஜாவுக்குப் பின்னால், பூவோடு நின்ற தங்கையைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. எட்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, யாராவது ஆள் மாறிப் பேசி.

தையல் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் போடலக்கா" என்றாள் வடிவு, தையலின் குரலில், கண் கலங்கிக்கொண்டு. "வெல ஏறட்டும்னு வெச்சிருக்கேன்."